ஈரப் பட்டை

கடலில் முங்குகிறவர்கள் போட்டுக்கொள்ளும் காற்றுச் சட்டையில் மூச்சுச் சிலிண்டரைக் கட்டுவதற்கு முன்னால் பட்டையை நனைக்க வேண்டும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் புதிதாக வருகிற ஒவ்வொருவனும் இதைக் கேட்டுச் சிரிப்பான். எப்படியும் கடலுக்குள்தானே போகப்போகிறது, அதற்கு முன்னால் எதற்கு ஒரு குளியல் என்பான். காய்ந்த பட்டை கரையில் விறைப்பாகத்தான் நிற்கும். தண்ணீர் குடித்ததும் ஒரு விரற்கடை இளகும். அந்த ஒரு விரற்கடை போதும், முதுகில் இருக்கவேண்டிய சிலிண்டர் நழுவித் தொடையில் வந்து இடிக்கும். போகிற போக்கில் வாயில் கவ்வியிருக்கிற குழாயையும் பிடுங்கிக்கொண்டு போகும். கரையில் சிரித்தவனுக்கு அப்போது சிரிப்பு வராது.

அதனால் கரையோடு கட்டிய மிதவையில் இருக்கிற ஷெட்டில் காலை ஆறரைக்கே ஒரு நீல வாளியில் பட்டைகள் ஊறிக்கொண்டிருக்கும். ஊறப்போடுகிறவளை எல்லோரும் வாளியக்கா என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பதினோரு வருஷமாக அந்த வாளிதான் அவளுக்குச் சோறு போடுகிறது. சிலிண்டர்களில் காற்றை அடைப்பது, சட்டைகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுவது, கண்ணாடிகளைத் துடைப்பது எல்லாம் அவள் வேலை. சிலிண்டரைச் சட்டையில் கட்டுவது மட்டும் அவள் வேலை இல்லை. அவனவன் சிலிண்டரை அவனவன்தான் கட்டிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் வழக்கம்.

அந்த வழக்கத்துக்கு நாலு மாசமாக ஒரு விலக்கு இருந்தது. அவள் புருஷனுக்கு அவள்தான் கட்டினாள்.

அவனை மீசை என்பார்கள். மூஞ்சியில் மீசை கிடையாது. டைவர் வேலைக்கு வந்த முதல் வாரமே, மீசை இருந்தால் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுகிறது என்று மழித்துவிட்டான். மீசை போய்ப் பன்னிரண்டு வருஷமாகியும் பேர் மட்டும் போகவில்லை. கடலுக்குள் பதினாறு வட்டக் கூண்டுகள் கட்டி மீன் வளர்க்கிறார்கள். கூண்டுக்கு அடியில் போய்க் கிழிந்த வலையைத் தைப்பதும், செத்து அடியில் கிடக்கிற மீன்களைப் பையில் வாரி வருவதும் டைவர்களின் வேலை. நாலு பேர் இறங்க வேண்டிய இடத்தில் இப்போது இரண்டு பேர்தான். மீசையும், வாளியக்காவின் தம்பியும்.

"என்ன மாமா, வீட்டுச் சாப்பாடு மாதிரி வீட்டுக் கட்டா?" என்று தம்பி கேலி செய்வான். தீனி மூட்டை தூக்குகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

"ஆமா, உனக்குக் கட்டிவிட ஆளில்லன்னு பொறாமை" என்பான் மீசை. அப்படிச் சொல்லும்போது வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பான்.

அந்தக் கை மரத்துப்போய் நாலு மாசம் ஆகிறது. ஒன்பதாம் கூண்டின் அடியில் வலை காலில் சுற்றிக்கொண்டது. அறுத்துக்கொண்டு பயத்தில் ஒரே மூச்சாக மேலே வந்துவிட்டான். ஆழத்திலிருந்து அப்படி வரக்கூடாது, நின்று நின்று வர வேண்டும் என்று அவனே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன். அன்று சாயங்காலமே தோள்பட்டை குடைந்தது. மறுநாள் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் அவனுடையதாக இல்லை. கோப்பையைப் பிடிப்பான், பிடித்திருக்கிறோமா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். இரண்டு பேரும் யாருக்கும் சொல்லாமல் பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் சின்னப் பையன்தான், ஆனால் சுற்றி வளைக்காமல் சொன்னார். ரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்திருக்கிறது, உடனே வந்திருந்தால் சரி செய்திருக்கலாம். இனிமேல் இறங்கக் கூடாது. இன்னொரு தடவை இப்படி ஆனால் கால் இரண்டும் போகலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கியதும் ஒன்றே ஒன்று சொன்னான். "யார்கிட்டயும் மூச்சு விடாத."

அவளும் விடவில்லை. காரணம் வீடு. ஷெட்டுக்குப் பின்னால் கரையில் வரிசையாக ஆறு வீடுகள். இரண்டு அறை, ஒரு சமையலறை, கடலைப் பார்த்த ஜன்னல். டைவர்களுக்கும் மேற்பார்வை பார்க்கிறவருக்கும் மட்டும்தான் கொடுப்பார்கள். பட்டை நனைக்கிறவளுக்கு அந்த வீடு கிடையாது. கையைப் பற்றித் தெரிந்தால் டைவர் பட்டியலிலிருந்து பேரை எடுப்பார்கள், மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். பத்து வயது மகள் அங்கேதான் தவழ்ந்தாள், அங்கேதான் நடந்தாள். அப்பா திடீரென்று ஸ்பூனில் சாப்பிடுவதைப் பார்த்து அவளும் ஸ்பூன் கேட்டாள். வீட்டில் எல்லோரும் ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

மீசையால் தண்ணீருக்குள் ஒப்பேற்ற முடிந்தது. இடது கையால் மீன் வாரினான். தையல் வேலையைத் தம்பி பார்த்துக்கொண்டான். பட்டையைப் பூட்டுகிற பக்கிள் ஒன்றுதான் முடியவில்லை. ஊறிய பட்டையை நன்றாக இழுத்து, முழங்காலைச் சிலிண்டரில் முட்டுக்கொடுத்து, பக்கிளின் நாக்கைக் கட்டைவிரலால் அழுத்தி மடக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டைவிரல் வேண்டும். அதனால் ஷெட்டுக்கு முதல் ஆளாக வந்து அவளே கட்டி வைத்துவிடுவாள். சிலிண்டரின் வாய் சட்டையின் கழுத்துப்பட்டை மட்டத்துக்கு இருக்கிறதா, காற்றுத் துளை முதுகைப் பார்த்து இருக்கிறதா என்று பார்த்து, சட்டையின் கழுத்துப் பிடியைப் பிடித்து மொத்தமாகத் தூக்கி இரண்டு உலுக்கு உலுக்குவாள். அவள் கட்டியது அசைந்ததே கிடையாது. கட்டி முடித்த பிறகு தினமும் தன் கையாலேயே அவனை அனுப்பி வைக்கிறோம் என்று தோன்றும். கட்டாமல் விட்டால் அவனே அரைகுறையாகக் கட்டிக்கொண்டு போவான். அது இன்னும் மோசம்.

சனிக்கிழமை மத்தியானம் விசில் எல்லோரையும் கூப்பிட்டார். விசில்தான் மேற்பார்வை. கழுத்தில் எப்போதும் ஊதல் தொங்கும், ஊதி யாரும் பார்த்ததில்லை. கையில் ஒரு தாள் வைத்திருந்தார்.

"வேற ஒரு பண்ணையில சிலிண்டர் கழண்டு ஒருத்தன் போய்ச் சேந்துட்டான். மேலேர்ந்து தாள் அனுப்பியிருக்காங்க. திங்கக்கிழமையிலேர்ந்து என் கண் முன்னால கட்டணும். நான் தூக்கி உலுக்கிப் பாப்பேன். ஆமா, இல்லன்னு இதுல குறிப்பேன். அப்புறம்தான் இறக்கம்."

"இவ்வளவு நாள் நாங்க என்ன கயித்துலயா கட்டிக்கிட்டுப் போனோம்?" என்றான் தம்பி.

"எங்கிட்ட ஏன்டா கேக்குற? தாள்கிட்ட கேளு." விசில் சிரித்துக்கொண்டே மீசையைப் பார்த்தார். "உன் வீட்டுக் கட்டுக்கும் லீவு விட்டாச்சு. நீயே கட்டு."

மீசையும் சிரித்தான். வாளியக்கா அவன் வலது கை இருந்த சட்டைப் பையைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய காற்றுச் சட்டையையும் ஒரு சிலிண்டரையும் தள்ளுவண்டியில் வைத்து, மேலே துவைக்கிற துணியைப் போட்டு மூடி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். முன்னறையில் பாயை விரித்து, சிலிண்டரை நிறுத்தினாள். வெயில் ஜன்னல் வழியாக வந்து பாதி அறையை அடைத்திருந்தது. மகள் பின்பக்கம் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள்.

"பட்டை நனைஞ்சிருக்கா?"

"நனைச்சிருக்கேன்."

"சரி, தள்ளி நில்லு. நீ பக்கத்துல நின்னா எனக்கு ஓடாது."

இடது கையால் பட்டையை இழுத்தான், வலது உள்ளங்கையால் பக்கிளை அழுத்தினான். பாதி மடங்கித் திரும்ப வந்து விரல் முட்டியில் அடித்தது. மறுபடி இழுத்தான். மறுபடி அடித்தது. பட்டையின் நுனியைப் பல்லால் கவ்வி இழுத்துப் பார்த்தான். முழங்கையால் அழுத்தினான். சிலிண்டரைக் குப்புறப் போட்டு அதன் மேல் மண்டியிட்டு உட்கார்ந்தான். அரை மணி நேரத்தில் பனியன் நனைந்துவிட்டது. வலது கையின் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. அவள் சொல்லித்தான் பார்த்தான்.

"விடுங்க, போதும்."

"இன்னும் ஒரு தடவ."

"அப்படித்தான் இருவது தடவையாச் சொல்றீங்க. டீ போடறேன், குடிச்சிட்டுப் பாக்கலாம்."

அவள் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் அவன் வேறொரு காரியம் செய்திருந்தான். சட்டையிலிருந்து ஈரப் பட்டையை உருவிவிட்டுக் வீட்டுக் கொடியில் காய்ந்து கிடந்த பழைய பட்டை ஒன்றைக் கோத்திருந்தான். காய்ந்த பட்டை தானாகவே வளையம்போல் நின்றது. ரொம்ப இழுக்கத் தேவையில்லை. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரே குத்து. பக்கிள் படக்கென்று மடங்கியது. கழுத்துப் பிடியில் இடது கையைக் கொடுத்துத் தூக்கி உலுக்கினான். சிலிண்டர் நின்றது. நாலு மாசத்தில் முதல் தடவையாக அவன் முகம் மலர்ந்து அவள் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எத்தனை முட்டாள்தனம் என்று தெரிந்தும் இருந்தது.

அவள் சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பட்டையின் மேல் ஊற்றினாள். அது நன்றாகக் குடிக்கட்டும் என்று காத்திருந்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இப்பத் தூக்குங்க."

தூக்கினான். சிலிண்டர் வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. தரை ஓடு ஒன்று விரிசல் விட்டது. சத்தம் கேட்டு மகள் ஓடிவந்து நிலைப்படியில் நின்றாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, சிலிண்டர் விழுந்துடுச்சு. போய் விளையாடு."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். பின்னால் கயிறு தரையில் அடிக்கிற சத்தம் திரும்பக் கேட்கவில்லை.

"உடனே இளகாது" என்றான் அவன். "விசில் உலுக்கறப்ப நிக்கும். எனக்கு அது போதும்."

"உள்ள போய் இளகினா?"

"பின்னால கைய விட்டுத் தாங்கிப் பிடிச்சுக்குவேன்."

"எந்தக் கைய?"

அவன் ஆறிய டீயை எடுத்துக் குடித்தான்.

"தம்பிகிட்ட சொல்லிடலாங்க. அவன் நம்ம ஆளுதானே."

"அதனாலதான் சொல்லக்கூடாது. தெரிஞ்சா என்னைக் கூட்டிட்டு இறங்குவானா? மாட்டான். துணையில்லாம எவனையும் இறக்க மாட்டாங்க. அவனும் கரையில உக்காருவான். கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கான். அவன் வேலையையும் சேத்துக் கெடுக்கவா?"

"அப்ப விசில்கிட்ட சொல்லுங்க. வேற வேலை ஏதாவது குடுங்கன்னு கேளுங்க. தீனி போடற வேலை இல்லையா?"

"தீனி மூட்டை அம்பது கிலோ. ஒத்தக் கையால தூக்கவா? அந்த வேலைக்கு வீடு குடுப்பாங்களா? பள்ளிக்கூடம் இங்கேர்ந்து நடக்கற தூரம். வெளிய போனா எங்க போவ? நீ சொல்லேன், நானும் கேட்டுக்கறேன்."

"டாக்டர் கால் ரெண்டும் போகும்னாரு."

"போகலாம்னு சொன்னாரு. போகும்னு சொல்லல."

"நீங்க கேட்ட அழகு அவ்வளவுதான்."

"நாலு மாசமா இறங்கிட்டுத்தானே இருக்கேன்? என்ன ஆச்சு?" குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இங்க பாரு. நாளைக்கு எல்லாப் பட்டையையும் வாளியில போடு. என்னோடத மட்டும் போடாத. மேல லேசா ஒரு கைத் தண்ணி தெளிச்சுவிடு, பாக்கறதுக்கு ஈரமாத் தெரியட்டும். வேற எதுவும் உன்னைக் கேக்கல."

அவள் விரிசல் விட்ட தரை ஓட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தால் போகிற விரிசல் இல்லை அது. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு பல தடவை நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காற்று கிழக்கிலிருந்து அடித்தது. மிதவை ஆடிக்கொண்டே இருந்தது. வாளியில் தண்ணீரை நிரப்பிவிட்டு அவள் மீசையின் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ந்து, உப்புப் பூத்து, விறைப்பாக இருந்தது. நனைத்தால் எல்லோர் முன்னாலும் அவன் தோற்பான். வீடு போகும். நனைக்காவிட்டால் ஜெயித்துவிட்டுத் தண்ணீருக்குள் போவான். வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்திருந்தாள், முடிவுக்கு வந்தபாடில்லை. தம்பியின் பேச்சுச் சத்தம் படகுத்துறைப் பக்கம் கேட்டது. பட்டையை வாளிக்குள் போட்டு, அது மிதக்காதபடி கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எட்டு மணிக்கு விசில் தாளோடு வந்தார். தீனிக்காரர்கள் மூன்று பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். தம்பி முதலில் கட்டினான், கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டான். விசில் தூக்கி உலுக்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

மீசை சட்டையைத் தன் பக்கம் இழுத்தான். பட்டையைத் தொட்டான். இடது கையால்தான் தொட்டான், அதனால் ஊறியிருப்பது உடனே தெரிந்துவிட்டது. நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. பட்டையை இழுத்து, முட்டுக்கொடுத்து, உள்ளங்கையால் அழுத்தினான். பக்கிள் திரும்பி வந்தது. மறுபடி அழுத்தினான். மூன்றாம் தடவை முட்டியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி பிய்ந்து ரத்தம் சொட்டியது. தீனிக்காரர்களில் ஒருவன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மீசை பட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"என்னால முடியல. நாலு மாசமா இந்தக் கை மரத்துக் கெடக்கு. இவதான் கட்டிக் குடுத்துட்டு இருந்தா."

வாளியக்காவுக்கு நெஞ்சிலிருந்து பெரிய கல்லை இறக்கின மாதிரி இருந்தது. போகட்டும், வீடு போகட்டும், எங்காவது ஒரு அறையில் சுருண்டுகொள்ளலாம், கால் இருக்கும். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றான் தம்பி. "வலை தைக்க வரலன்னதுமே தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். அதுக்கென்ன, நான் கூட இருக்கேன்ல."

அவள் தம்பியைப் பார்த்தாள். இவனும் இறங்கத்தான் சொல்கிறானா என்று இருந்தது.

விசில் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாம் கூண்டு அடியில கிழிஞ்சிருக்கு. நாளன்னைக்கு மீன் எடுக்கப் படகு வருது. துணையில்லாம இவனை இறக்க முடியாது." தம்பியைக் காட்டிவிட்டு அவளிடம் திரும்பினார். "இதுல என்ன போட்டிருக்குன்னா, சிலிண்டர் உறுதியாகக் கட்டப்பட்டுள்ளதா. அவ்வளவுதான். யார் கட்டினாங்கன்னு கேக்கல. நீயே கட்டிவிடும்மா."

"சார், இவரு இறங்கவே கூடாது. டாக்டர் சொல்லியிருக்காரு."

"எங்கிட்ட எந்த டாக்டரும் சொல்லலையே."

"நான் சொல்றேன்ல?"

விசில் அவளைத் தனியே கூப்பிடவில்லை, சத்தம் போடவும் இல்லை. அவருக்கும் அதே வரிசையில்தான் வீடு, மூன்றாவது கதவு. "நீ சொன்னா அது எனக்குத் தெரிஞ்சதாயிடும்மா. தெரிஞ்சா எழுதணும். எழுதினா, வீட்டக் காலி பண்ணுங்கன்னு வர்ற காயிதத்த நான்தான் கொண்டுவந்து உன் கையில குடுக்கணும். வேணாம்னு பாக்கறேன்." பேனாவைத் தாளின் மேல் வைத்தார். "நீயே சொல்லு. எழுதவா?"

மிதவை ஆடியது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எழுதுங்க என்று ஒரே ஒரு வார்த்தை. வாளிக்குள் பட்டையை அமுக்கிப் பிடித்திருந்த கைக்கு இருந்த தைரியம் வாய்க்கு வரவில்லை. மீசை பக்கம் பார்த்தாள். அவன் சட்டையைப் பார்த்துக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"இன்னைக்கு ஒரு நாள்."

அவள் குனிந்தாள். சிலிண்டரின் வாயைக் கழுத்துப்பட்டை மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். துளையை முதுகுப் பக்கம் திருப்பினாள். பட்டையை இழுத்து முழங்காலை முட்டுக்கொடுத்துப் பக்கிளை மடக்கினாள். விசில் தூக்கி உலுக்கினார், இம்மி அசையவில்லை. 'ஆம்' என்கிற கட்டத்தில் குறித்தார்.

"அருமையான கட்டு" என்றார். மனசாரத்தான் சொன்னார். "தினம் நீயே கட்டிடு."

தம்பி முதலில் குதித்தான். மீசை பின்னாலேயே இறங்கித் தலை மட்டும் தெரிய மிதந்தான். வாயில் குழாய் இருந்ததால் பேச முடியாது. இறங்குவதற்கு முன்னால் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும், நான் சரியாக இருக்கிறேன் என்று அர்த்தம். மிதவையிலிருந்து ஒருவர் அதே போலத் திருப்பிக் காட்டினால்தான் முங்கலாம். விசில் தாளைக் காற்றில் பறக்காமல் மடித்துக்கொண்டிருந்தார்.

"நீ காட்டிவிடும்மா" என்றார் தலை நிமிராமல்.

மீசை இடது கையைத் தூக்கிக் காட்டினான். வலது கையில் அந்த இரண்டு விரலும் இப்போது சேராது. அலை அவனைத் தூக்கித் தூக்கி இறக்கியது. கண்ணாடிக்குள் அவன் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தன. அவள் முந்தானையில் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றாள். காட்டாமல் இருந்தால் அவன் போக மாட்டான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே மிதப்பான்.

"கையக் காட்டும்மா, ஆள் குளிர்ல நிக்கறான்."

அவள் கையை வெளியே எடுத்துத் தூக்கினாள். விரல்கள் ஒரு சிரமமும் இல்லாமல் சேர்ந்துகொண்டன. அதைப் பார்த்துவிட்டு அவன் இறங்கினான்.